சருகு சென்ற வழி: கொழும்பின் வீட்டுத்தோட்டங்களும் மூடுபடை வழக்கமும்

கொழும்பு நகரின் வீட்டுத்தோட்ட வரலாறு, எந்தெந்தச் செடி எந்தெந்த நாட்டிலிருந்து வந்து வேரூன்றியது என்ற பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு வளவில் உதிர்ந்த சருகு அதே வளவின் மண்ணுக்குத் திரும்பியதா, முற்றத்து மூலையில் எரிந்து சாம்பலானதா, மாநகரசபையின் வண்டியில் ஏறிக் குப்பைமேட்டைச் சென்றடைந்ததா என்ற கேள்வியும் அவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும். ஏனெனில், தை மாதத்தில் தொடங்கிச் சித்திரை வரை நீளும் வெயிற்காலத்தில் ஒரு தோட்டம் தாக்குப்பிடிப்பதும் கருகிப்போவதும் அதன் மண் மூடப்பட்டிருக்கிறதா, வெறுமையாகக் கிடக்கிறதா என்பதையே பெரிதும் பொறுத்திருக்கின்றன. நகரின் வடக்கே துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும் தெற்கே கடலோரமாக அமைந்த வெள்ளவத்தையும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகள். மண்ணாலும் குடியேற்ற வரலாற்றாலும் வேறுபட்ட இவ்விரு பகுதிகளையும் ஒருசேர நோக்கும்போது, மண்ணை மூடிக்காக்கும் வழக்கம் அண்மையில் கற்றுக்கொள்ளப்பட்டது அன்று என்பதும், நகரம் வளர்ந்த முறையே அதனை விலக்கியது என்பதும், உணவு நெருக்கடிகள் அதனைத் திரும்பத் திரும்ப நினைவூட்டின என்பதும் தெளிவாகும்.

மூடுபடை என்பது செடியின் அடியைச் சுற்றியுள்ள மண்ணின்மேல் சருகு, வைக்கோல், தழை, தேங்காய்ப் பொச்சு போன்ற பொருள்களைப் பரப்பி, வெயிலும் மழையடியும் மண்ணை நேரடியாகத் தாக்காமல் தடுப்பதாகும்; தமிழ்நாட்டில் இதனை மூடாக்கு என்பர், இலங்கையின் விவசாயப் பாடநூல்களில் பத்திரக்கலவை என்ற சொல்லும் வழங்குகிறது. மண்ணோடு கலந்து புதைக்கப்படும் தழையுரத்திலிருந்தும், குவித்து மக்கச்செய்யப்படும் கூட்டெருவிலிருந்தும் இது வேறுபட்டது. மேலே கிடந்து காப்பதே இதன் முதற்பணி, மக்கி உரமாவது இரண்டாம் பணி. எனினும் வீட்டுத்தோட்ட வழக்கில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே நடந்துவந்துள்ளன. ஒரே சருகு முதலில் மேற்போர்வையாகவும், பின்னர் மண்ணோடு கலந்த எருவாகவும் பயன்பட்டது.

வெயிலும் மண்ணும்

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றபோதிலும், அம்மழை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகப் பகிர்ந்து பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்திலும் இடைப்பருவ மழைக்குரிய ஒக்டோபரிலும் 350 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை கிடைக்க, ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாதத்துக்கு 60 முதல் 75 மில்லிமீற்றர் வரையிலான மழையே சராசரியாகக் கிடைக்கிறது. மழை குறைந்த இவ்விரு மாதங்களைத் தொடர்ந்து, வெப்பம் மிகுந்த பங்குனியும் சித்திரையும் வருவதால், பிற்பகல் இடிமழை தவறும் ஆண்டுகளில் தோட்டங்களுக்கு மூன்று நான்கு மாதங்கள் கடும் சோதனையாக அமைகின்றன. மழை மிகுந்த நாடு என்ற பொதுவான எண்ணம் இந்த வறண்ட இடைவெளியை மறைத்துவிடுவதால், அதற்கான ஆயத்தங்கள் மார்கழியிலேயே தொடங்கப்படாமல் செடிகள் வாடிய பிறகே நினைவுக்கு வருகின்றன.

மண்ணின் இயல்பு இச்சோதனையைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கைகளில் காணப்படும் மண் பெரும்பாலும் மணலாகும். மணலின் துகள்கள் பருமனானவை, அவற்றிடையே நீர் தங்காமல் விரைந்து கீழிறங்கிவிடுகிறது, ஊற்றிய உரமும் அதனோடு கரைந்து போய்விடுகிறது, கடற்காற்று கொண்டுவரும் உப்பு இலைநுனிகளைக் கருக்குகிறது. கடலிலிருந்து உள்ளே செல்லச் செல்ல, இரும்பு கலந்து இறுகிய செம்புரைக்கல்லின்மேல் படிந்த செம்மண் தென்படுகிறது. இது மணலைவிட நீரைத் தாங்கினாலும், மழையில் மேற்பரப்பு அடைபட்டு வெயிலில் இறுகிவிடும் குணமுடையது. மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் மக்கிய பொருள் தேவைப்பட, செம்மண்ணுக்கு மழைத்துளியின் அடியைத் தாங்கும் போர்வை தேவைப்பட்டது. மூடுபடை இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது.

அது செயற்படும் முறை எளிதாக விளக்கத்தக்கது. நண்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு சூழவுள்ள காற்றைவிடப் பெரிதும் சூடேறுவதால், மேல்மண்ணில் பரவியிருக்கும் மெல்லிய வேர்கள் கருகுகின்றன. கீழேயிருந்து மேலேறிவரும் ஈரமும் அதே சூட்டில் ஆவியாகிவிடுகிறது. இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் சருகு பரப்பப்படும்போது, வெயில் மண்ணைத் தொடுவதற்கு முன்னரே தடுக்கப்படுவதோடு, சருகுகளுக்கிடையே தங்கும் அசைவற்ற காற்று ஆவியாதலையும் குறைக்கிறது. ஒளி கிடைக்காததால் களைகள் முளைப்பது குறைகிறது. கீழே ஈரம் நிலைப்பதால் மண்புழுக்கள் மேலேறி வந்து மண்ணைத் துளைத்துப் பொலபொலப்பாக்குகின்றன. ஈரமும் வெப்பமும் சேர்ந்த கொழும்பின் காலநிலையில் சருகு சில மாதங்களிலேயே மக்கிவிடுவதால், குளிர்நாடுகளில் போல ஆண்டுக்கு ஒருமுறை இட்டுவிட்டு ஓய முடியாது. மேலும் மேலும் சேர்க்க வேண்டிய தொடர்ப்பணியாகவே அது இங்கு அமைந்தது.

தென்னந்தோப்பும் குழை தாழ்த்தலும்

மேற்குக் கரையோரத்தின் பழைய வளவுகள் தென்னையைச் சூழ்ந்து அமைந்தவை. பலா, மா, கமுகு, வாழை, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை உயரத்தால் அடுக்கடுக்காக நின்று, கீழேயுள்ள மண்ணுக்குத் தாமே நிழலையும் சருகையும் வழங்கின. தென்னை மனிதருக்குத் தந்தவற்றுள் தேங்காயும் கிடுகும் மட்டுமல்லாமல் பொச்சும் ஓலையும் மண்ணுக்குரிய பங்காக இருந்தன. உரித்த பொச்சைத் தென்னையின் அடியைச் சுற்றி வட்டமாக அடுக்கும் வழக்கமும், மரத்திலிருந்து சிறிது தள்ளிக் குழி தோண்டி அதில் பொச்சைப் புதைக்கும் வழக்கமும் தென்னை வளர்ப்போரிடையே பரவலாக உள்ளவை. மேலே பரப்பும்போது பொச்சின் குழிந்த பக்கம் கீழ்நோக்கியும், குழியில் புதைக்கும்போது அது மேல்நோக்கியும் இருக்கவேண்டும் என்பது தென்னை ஆராய்ச்சியாளரின் அறிவுரை. முன்னது நிலத்தைக் கவிந்து காக்கிறது, பின்னது மழைநீரை ஏந்திவைத்துப் பல ஆண்டுகள் வேருக்கு வழங்குகிறது. லுணுவிலையில் 1920களின் இறுதியில் தொடங்கப்பட்ட தென்னை ஆராய்ச்சித் திட்டம், கரையோர மக்கள் கையாண்ட இத்தகைய முறைகளுக்கு அறிவியல் விளக்கத்தைச் சேர்த்தது.

வடக்கேயுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஆறுகளற்ற சுண்ணக்கல் நிலத்தில், கிணற்றுநீரைத் துலா மிதித்து இறைத்துப் பயிர்செய்தோர் வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தனர். பூவரசு, வேம்பு, காவிளாய் முதலியவற்றின் இலைதழைகளை வெட்டித் தோட்ட நிலத்தில் புதைப்பதைக் குழை தாழ்த்தல் என்று வழங்கினர். தேவை மிகுந்த காலங்களில் வன்னிப் பகுதியிலிருந்தும் குழை வண்டில்களில் ஏற்றிவரப்பட்டது. வேலியிலும் கூரையிலும் பழுதடைந்த பனையோலை வீணாக எறியப்படாமல் நிலத்துக்கே உரமாக்கப்பட்டது. ஒவ்வொரு பட்டை நீரும் உடலுழைப்பால் இறைக்கப்பட்ட நிலத்தில், அந்த நீரை நீண்டநேரம் மண்ணில் தங்கவைக்கும் எதுவும் உழைப்பை மிச்சப்படுத்தும் பொருளாக மதிக்கப்பட்டது. பின்னாளில் வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்தார், தென்னைப் பொச்சு வழக்கம் நிலவிய கரையோரத்துக்கு இப்பழக்கத்தையும் தம்முடன் கொண்டுவந்தனர் என்பதனால், கொழும்பின் தமிழர் வளவுகளில் இரு மரபுகள் சந்தித்தன.

கறுவாவிலிருந்து பூங்கா வரை

ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பின் நிலம் வணிகத் தேவைக்காக மறுசீரமைக்கப்பட்டது. காட்டிலிருந்து உரித்து எடுக்கப்பட்ட கறுவாவை 1769இல் ஆளுநர் இமான் வில்லெம் ஃபால்க் மருதானையில் பயிராக நடச் செய்ததிலிருந்து, நகரின் கிழக்குப் புறத்து மணல்நிலங்கள் கறுவாத்தோட்டமாயின. ஆளுநர் வான் டெர் கிராஃப் காலத்தில், 1786இல், மொரீசியஸ் தீவிலிருந்து மரவள்ளி கொண்டுவரப்பட்டது. போர்த்துக்கேயர் வழியாக முன்னரே வந்திருந்த மிளகாய், பப்பாசி, கொய்யா, அன்னாசி ஆகியவற்றோடு சேர்ந்து அது வீட்டு வளவுகளின் நிலையான குடியாகியது. ஆங்கிலேயர் 1810இல் கொம்பனித்தெருவில் ஒரு தாவரவியற் தோட்டத்தை நிறுவினர். அது 1813இல் களுத்துறைக்கும், அலெக்சாண்டர் மூன் என்பாரின் பொறுப்பில் 1821இல் பேராதனைக்கும் இடம்பெயர்ந்தது. இதனால் தோட்டக்கலை ஆய்வின் மையம் மலைநாட்டுக்குச் சென்றுவிட, கொழும்பின் மணற்பாங்கான கரையோர மண்ணுக்குரிய அறிவு பெருமளவும் வீடுகளிலும் வேலையாட்களின் கைகளிலுமே தங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் ஆகிய வடபகுதிகளே செல்வர் விரும்பி வாழ்ந்த இடங்களாக இருந்தன. பரந்த விறாந்தைகளோடு கூடிய வீடுகளும், அவற்றைச் சூழ்ந்த பழமரச் சோலைகளும் அங்கு அமைந்திருந்தன. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவுற்ற தென்மேற்கு அலைதாங்கிச் சுவர் கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கியதும், நிலக்கரித் தூசும் பாரவண்டிகளும் தொழிலாளர் நெருக்கமும் வடபகுதியின் தன்மையை மாற்றின. செல்வர் கறுவாத்தோட்டப் பகுதிக்குப் பெயர, அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் துறைமுகத் தொழிலாளருக்கான வரிசை அறைகள் கட்டப்பட்டன. ஒற்றைச் சுவரைப் பகிர்ந்த அறைகளும் பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் கொண்ட அக்குடியிருப்புகள் இன்றும் தோட்டங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. மரங்கள் வெட்டப்பட்டதும் நிழலும் சருகும் ஒருங்கே மறைந்தன. எஞ்சிய மண், மிதிபட்டு இறுகி, மழையில் சேறாகவும் வெயிலில் புழுதியாகவும் மாறியது. அங்கு வாழ்ந்தோர் தகரங்களிலும் உடைந்த பானைகளிலும் துளசியும் கறிவேப்பிலையும் வளர்த்ததே கொழும்பின் சாடித்தோட்ட மரபுக்கு ஒரு தொடக்கம் எனலாம்.

கூட்டிய முற்றமும் மாநகரசபை வண்டியும்

சருகின் வழி மாறியதற்கு நகர நிருவாகமும் ஒரு காரணம். கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்டபின், தெருத் துப்புரவும் குப்பை அகற்றலும் ஒழுங்கமைந்த பணிகளாயின. அப்பணியைச் செய்த தொழிலாளருள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். நகரின் தூய்மை அவர்களது உழைப்பில் தங்கியிருந்தபோதிலும், அவர்களுக்கு வழங்கப்பட்ட குடியிருப்புகள் நகரின் மிக நெருக்கமான இடங்களாக இருந்தன என்பது இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத அநீதியாகும். 1914இல் கொழும்பைத் தாக்கிய பிளேக் நோய், எலிகள் தங்கும் எந்தக் குவியலையும் ஆபத்தானதாகப் பார்க்கும் மனநிலையை வலுப்படுத்தியது; அடுத்த ஆண்டில் வந்த வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் கட்டடங்களுக்கிடையே காற்றும் வெளிச்சமும் வருவதற்குரிய திறந்தவெளியை வலியுறுத்தியது. உயிர்காக்கும் இந்நோக்கங்கள் நியாயமானவை. ஆயினும் அழுகும் குப்பையும் உலர்ந்த சருகும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டமையால், வளவில் இலை கிடப்பதே ஒழுங்கீனத்தின் அடையாளம் என்ற கருத்தும் அவற்றோடு வேரூன்றியது.

இக்கருத்துக்குத் தமிழர் வீட்டு வழக்கிலும் ஓர் ஊன்றுகோல் இருந்தது. வைகறையில் ஈர்க்குமாற்றால் முற்றத்தைக் கூட்டி, நீர் தெளித்துத் தூய்மையாக்குவது வீட்டின் மங்கலத்தோடு பிணைந்த நாட்கடமை; பாம்பு, தேள் முதலியவற்றைத் தூரத்தில் வைத்திருக்கும் காப்பும் அதுவே. கூட்டிய முற்றம் எவ்வகையிலும் பிழையன்று. வாசலும் நடைபாதையும் கிணற்றடியும் வெறுமையாக இருத்தல் அவசியம். சருகு குவிக்கப்பட்டபின் அது சென்ற இடமே வேறுபாட்டை உண்டாக்கியது. கிராமத்து வளவில் அக்குவியல் வாழையடிக்கோ எருக்குழிக்கோ போய்ச் சேர்ந்தது. குழி தோண்ட இடமற்ற நகர வளவில் அது தீயிடப்பட்டது அல்லது வாசலில் வந்த வண்டியில் கொட்டப்பட்டது. சாம்பலில் பொட்டாசியம் போன்ற சில தாதுப்பொருள்கள் எஞ்சினாலும், நைதரசன் புகையோடு போய்விடுகிறது, நீரைப் பிடிக்கும் நார்ப்பொருள் முற்றாக அழிகிறது.

நீர் கிடைத்த முறையும் இதே திசையில் இழுத்தது. லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து மாளிகாகந்தைக்குக் குழாய்வழி நீர் கொண்டுவரும் திட்டம் 1886இல் நிறைவேறியபின், கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளும் உழைப்பு படிப்படியாகக் குறைந்தது. நீரைத் திறந்தால் வரும் என்ற நிலையில், அதனை மண்ணில் தங்கவைக்கும் உத்திகள் அவசியமற்றவையாகத் தோன்றின. வாடிய செடிக்கு மேலும் நீரூற்றுவதே பராமரிப்பு எனக் கருதப்பட்டது. நீர்வெட்டு நேரும் வெயிற்காலங்களில் மட்டுமே அந்நம்பிக்கையின் குறை வெளிப்பட்டது.

பள்ளித் தோட்டமும் தேயிலை மலையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டக்கலை அறிவு நூல்களிலும் நிறுவனங்களிலும் இடம்பெறலாயிற்று. 1901இல் பள்ளித் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆளுநர் ஹென்றி பிளேக் காலத்தில் 1904இல் இலங்கை விவசாயச் சங்கம் நிறுவப்பட்டது. பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய எச். எஃப். மக்மில்லன் வெப்பவலயத் தோட்டக்கலை குறித்து இலங்கையைச் சிறப்பாக நோக்கி எழுதிய கைநூல் 1910இல் வெளிவந்தது. 1912இல் விவசாயத் திணைக்களம் அமைந்தது. ஐரோப்பியப் பூந்தோட்டத்தின் மாதிரியைப் பின்பற்றிய பங்களாக்களில் குரோட்டன் வரிசைகளும் வெட்டிய புற்றரைகளும் மதிப்புப் பெற்றிருந்த அக்காலத்தில், வெப்பநாட்டு மண்ணுக்கு வெப்பநாட்டு முறையே வேண்டும் என்ற எண்ணத்துக்கு இம்முயற்சிகள் ஓரளவு இடமளித்தன.

மண்ணை வெறுமையாக விடுவதன் கேடு மலைநாட்டில்தான் முதலில் கண்கூடாயிற்று. கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு புல்லும் இல்லாதபடி களையெடுக்கும் முறை நிலவியதால், சரிவுகளின் மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளில் சேர்ந்தது. அந்தக் களையெடுப்பைச் செய்தவரும் மலையகத் தமிழ்த் தொழிலாளரே. மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931இல் வெளியானது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில், குவாத்தமாலாப் புல், மானாப்புல் ஆகியவற்றை வளர்த்து வெட்டி நிலத்தில் பரப்பும் முறை பிற்காலத்தில் தோட்டங்களில் நிலைபெற்றது. இதே காலப்பகுதியில் இந்தியாவின் இந்தூரில் அல்பேர்ட் ஹவார்ட் கழிவுப் பொருள்களைக் கூட்டெருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தி 1931இல் நூலாக வெளியிட்டார். பெருந்தோட்டத்துக்குப் பொருந்திய இப்பாடம் நகரத்து வளவுக்கும் பொருந்தியது. ஆனால் அது கொழும்பின் வீடுகளை அடைய ஒரு போரும் பஞ்சமும் தேவைப்பட்டன.

வெள்ளவத்தையின் வளவுகள்

தெற்கே 1877இல் கரையோரப் புகையிரதப் பாதை நீண்டதும், நூற்றாண்டின் இறுதியில் நூற்பு நெசவு ஆலை அமைந்ததும், தென்னந்தோப்பாக இருந்த வெள்ளவத்தையைப் புறநகராக மாற்றின. அரசாங்க எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு பெருமளவில் குடியேறினர். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தோன்றியது அச்சமூகத்தின் நிலைபேற்றைக் காட்டுகிறது. 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதிய பட்ரிக் கெடிஸ், இந்நகரை மரஞ்செடிகள் சூழ்ந்த தோட்ட நகராக வளர்க்கலாம் எனக் கண்டார். வெள்ளவத்தையின் அக்கால வீடுகள் அந்நோக்குக்குப் பொருந்திய வளவுகளைக் கொண்டிருந்தன. காணி அளவு அங்கு பேர்ச் என்னும் அலகால் கூறப்படுகிறது. ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், 160 பேர்ச் ஓர் ஏக்கர்.

அவ்வளவுகளின் அன்றாடப் பணிகள் காலத்தால் வகுக்கப்பட்டிருந்தன. வெயில் ஏறுமுன்னரும் சாய்ந்த பின்னரும் நீர் ஊற்றப்பட்டது. பூசைக்குரிய செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை ஆகியவை காலையில் கொய்யப்பட்டன. அரிசி கழுவிய நீரும் சமையலறைக் கழிவுநீரும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் திருப்பிவிடப்பட்டன. தேங்காய் துருவிய வீட்டின் பொச்சு மரத்தடியில் அடுக்கப்பட்டது. புதிதாக நட்ட கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்குக் கிடுகுத் துண்டாலோ வாழைமடலாலோ சில நாட்கள் நிழல் அளிக்கப்பட்டது. வேலியில் நின்ற பூவரசும் கிளிசரியா என்று வழங்கும் சீமைக்கிளுவையும் தறிக்கப்பட்டபோது அவற்றின் தழை பாத்திகளில் பரப்பப்பட்டது. நைதரசன் மிகுந்த அத்தழை விரைவில் மக்கி உரமாகும், நார்மிகுந்த பொச்சு நீண்டநாள் கிடந்து ஈரத்தைக் காக்கும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்தன. தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரச் சருகு பட்டையை அழுகச்செய்யும் என்பதனால், அடியில் நான்கு விரல் இடைவெளி விடுவதும், மே மாதப் பெருமழைக்கு முன் படையை மெல்லியதாக்குவதும் அனுபவம் கற்றுத்தந்த கவனங்கள்.

பஞ்ச காலங்களின் பாடம்

1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீது குண்டுவீச்சும் நிகழ்ந்தது. பங்கீட்டு அட்டையோடு, அதிக உணவு பயிரிடும் இயக்கமும் மக்களிடம் சென்றது. பூஞ்செடிப் பாத்திகள் மரவள்ளிக்கும் வற்றாளைக்கும் கீரைக்கும் இடங்கொடுத்தன. மூன்று தசாப்தங்களின் பின்னர், 1970களின் முற்பகுதியில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உலக உணவு விலையேற்றமும் சேர்ந்து மீண்டும் நெருக்கடியை உருவாக்கின; மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி தடைப்பட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் செழித்த அதே காலத்தில், கொழும்பின் குடும்பங்கள் தத்தம் வளவுகளில் மரவள்ளி நட்டன. உரமும் விலையேறிய அந்நாட்களில், எரிக்கப்பட்டுவந்த சருகு மறுபடியும் பாத்திகளுக்குச் சென்றது. ஆனால் நெருக்கடி தணிந்ததும் அப்பழக்கமும் தளர்ந்தது. அவசரத்துக்குரிய மாற்று என்று அது கருதப்பட்டதே அதற்குக் காரணம்.

அதன்பின் தோட்டம் செய்வதற்குரிய நிலமே சுருங்கியது. 1983 யூலையின் வன்செயல்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன; பலர் நாட்டைவிட்டு நீங்க, போரினால் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த பலர் பின்னர் இப்பகுதிகளில் வந்து தங்கினர். தொடர்மாடி வீட்டு உரிமையை 1973ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கனவே வகுத்திருந்தது. கட்டடத்துக்குரிய காணித் துண்டின் குறைந்த அளவை 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகள் 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச், என வகுத்தன. பழைய வளவுகள் கைமாறி அடுக்குமாடிகளாக உயர, தோட்டம் மொட்டைமாடிக்கும் பல்கனிக்கும் ஏறியது. சாடியிலுள்ள மண் நான்கு புறமும் சூடேறுவதால் நிலத்து மண்ணைவிட விரைந்து உலர்கிறது. எனவே மூடுபடை அங்கு முன்னிலும் இன்றியமையாததாயிற்று. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைத் தாங்கவல்ல தும்புத்தூள், அதாவது பொச்சிலிருந்து கயிற்றுநார் பிரிக்கும்போது எஞ்சும் பொடி, இத்தோட்டங்களின் முதன்மைப் பொருளாகியது. அதிலுள்ள உப்பும் துவர்ப்பொருளும் வேரைப் பாதிக்கக்கூடியவையாதலால், பலமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் பயன்படுத்துவது முறையாயிற்று.

மூடுபடைக்குத் தடைகளும் இருந்தன என்பதை மறுக்க இயலாது. 1900இல் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் பெருநத்தை பின்னர் மேற்குக் கரையோரம் எங்கும் பரவி, ஈரச் சருகின் அடியைத் தன் பகற்புகலிடமாக்கிக்கொண்டது. மாலையில் சருகைப் புரட்டி நத்தைகளைப் பொறுக்குவது மழைக்காலத் தோட்டப்பணிகளுள் ஒன்றாயிற்று. கறையான் மரத்தூளையும் சுள்ளிகளையும் நாடிவந்தது. டெங்கு பரவியபின், நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நீர்தேங்கும் பொருள்களை வளவில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. மல்லாந்து கிடக்கும் பொச்சும் சிரட்டையும் அவற்றுள் அடங்கும். பொச்சைக் கவிழ்த்து அடுக்கும் பழைய முறை நீர்தேங்காதபடி காக்கிறது என்பதனால், மரபும் சுகாதாரமும் இங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை. கவனமின்றிக் குவிப்பதே ஆபத்தாகும்.

இதற்கிடையில், வளவை விட்டு நீங்கிய சருகு நகரின்மீதே சுமையாகத் திரும்பியது. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் குப்பைமேடு பல ஆண்டுகள் அப்பகுதி மக்களின் மூச்சையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. அது மூடப்பட்டபின் குப்பை மீதொட்டமுல்லையில் குவிக்கப்பட, 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், அம்மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடிய பொருளே. அதாவது உணவுக் கழிவோடு, தோட்டங்களிலிருந்து கூட்டி அகற்றப்பட்ட இலைதழையும் அம்மேட்டில் அடங்கியிருந்தது. அதன்பின் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் அறுவாக்காட்டுக்குக் குப்பையைக் கொண்டுசெல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மணலை வளமாக்கியிருக்கக்கூடிய பொருளைச் செலவழித்து நாடுகடத்தும் நிலை உருவாயிற்று.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதும், 2022இல் பொருளாதாரம் சரிந்து எரிபொருளும் மரக்கறியும் எட்டாப் பொருள்களானபோதும், வீட்டுத்தோட்டம் மீண்டும் அரச அழைப்பாயிற்று. அவ்வாண்டு யூனில், பயிர்செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதம் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. ஆயினும் பல தலைமுறை அறிவை ஒரு பருவத்தில் திரட்ட இயலாது. கூட்டெரு இல்லாத மணலில் விதைத்தோர் பலர், விதை முளைத்தும் விளைவு காணாமல் சோர்ந்தனர். ஆயத்தமற்ற மாற்றம் வயலில் விளைத்த கேடும், ஆயத்தமற்ற ஆர்வம் வளவில் அடைந்த ஏமாற்றமும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன: மண்ணின் வளம் ஆணையால் பிறப்பதில்லை, ஆண்டுதோறும் இடப்படுவதால் சேர்கிறது.

இவ்வரலாறு கொழும்பின் வீடுகளுக்கும் மாநகரசபைக்கும் ஒருங்கே பொறுப்பை வகுக்கிறது. 1942, 1973, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நகரம் தன் மண்ணை நினைத்துக்கொண்டது, நெருக்கடி நீங்கியதும் மறந்தது; அந்த மறதி நீடிக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையும் வெறும் மணலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். வாசலைக் கூட்டும் நாட்கடமை தொடர்வதற்கு எத்தடையும் இல்லை; கூட்டிய சருகை எரிக்காமலும் வண்டியில் ஏற்றாமலும், நிலமுள்ளோர் மரத்தடியிலும் மாடியிலுள்ளோர் சாடியிலும் இடுவதும், தெருமரங்களின் இலையை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே திரட்டித் தேவைப்படும் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் மாநகரசபை வழங்குவதும் போதும். இவ்விரண்டுக்கும் புதிய கருவியோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. கரையோரத் தென்னந்தோப்பிலும் யாழ்ப்பாணத் தோட்டத்திலும் முன்னோர் நடைமுறையில் வைத்திருந்த ஒழுங்கை, பஞ்சத்துக்குக் காத்திராமல், ஒவ்வோர் ஆண்டும் மார்கழியிலேயே கைக்கொள்ளும் உறுதி மட்டுமே வேண்டும்.